ஆர்வமில்லாத பிள்ளைகளைப் பேரிடர் பணிக்குள் கொண்டுவருவது எப்படி? (மேல்நிலைப் பள்ளி நாட்டு நலப்பணித் திட்டம் என்ற என்.எஸ்.எஸ்., குமரி மாவட்டம்)

வள்ளியாற்றங்கரை எழுதியது:

குளச்சலுக்கும் முட்டத்துக்கும் இடைப்பட்ட ஒரு மேல்நிலைப் பள்ளி. என்.எஸ்.எஸ். அலகில் 50 பேர். பாதிப் பேர் கடற்கரை ஊர்ப் பிள்ளைகள், மீதிப் பேர் உள்நாட்டுப் பிள்ளைகள். சுமார் இருபது பேர் சொல்லாமலே வேலை செய்வார்கள். இன்னொரு பத்துப் பன்னிரண்டு பேர் சான்றிதழுக்காக மட்டும் பெயர் கொடுத்தவர்கள். கூட்டிப் பெருக்கச் சொன்னால் துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள், பேரணி என்றால் கடைசி வரிசையில் போய் நழுவுகிறார்கள். கண்டித்தும் பார்த்தாயிற்று, பாராட்டியும் பார்த்தாயிற்று.

ஐப்பசி மழைக்கு முன்னால் வெள்ளம், புயல் சம்பந்தமாக உருப்படியான ஒரு வேலை கொடுக்க வேண்டும் என்று நினைக்கிறேன். சிக்கல்கள் இவை. 4.30 மணிக்கு மேல் நிறுத்தினால் உள்நாட்டுப் பிள்ளைகளுக்குப் பேருந்து கிடையாது. சில பையன்கள் விடியற்காலையில் மீன் ஏலத்துக்குப் போகிறார்கள், சிலர் வீட்டில் ரப்பர் பால் வெட்டுக்கு உதவுகிறார்கள். கையில் காசு அதிகம் இல்லை. எல்லாரும் பதினெட்டு வயதுக்குக் கீழே. என்ன வேலை, எப்படிப் பிரிப்பது, எங்கே தவறும் என்று அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.


தோவாளை திட்ட அலுவலர் எழுதியது:

டீச்சர், முதலில் ஒன்று. அந்தப் பன்னிரண்டு பேரைச் சோம்பேறிகள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நாம் கொடுக்கும் வேலை பெரும்பாலும் யாருக்கும் தேவைப்படாத வேலையாக இருக்கிறது. ஏற்கெனவே சுத்தமாக இருக்கும் மைதானத்தை மறுபடி கூட்டுவது, யாரும் படிக்காத பதாகையைத் தூக்கிக்கொண்டு நடப்பது. தான் செய்யாவிட்டால் ஒன்றும் ஆகாது என்பது பிள்ளைக்குத் தெரியும். செய்யாமல் விட்டால் எதிர் வீட்டுப் பாட்டிக்கு நாளைக்கு நல்ல தண்ணீர் இல்லை என்ற நிலையில் ஒரு வேலையை அவர் பெயரில் ஒப்படையுங்கள், நிலைமை மாறும். தாமதமாக வந்ததற்குத் தண்டனையாகச் சேவை வேலை கொடுக்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். தண்டனையாக ஒருமுறை செய்த வேலையை எந்தப் பிள்ளையும் பிறகு விரும்பிச் செய்யாது.

குமரியில் இதற்கு மிகவும் பொருந்துவது கிணறு. வீட்டுக்கு வீடு கிணறு இருக்கிற மாவட்டம். வெள்ளம் வடிந்தவுடன் முதல் கேள்வி, தண்ணீரைக் குடிக்கலாமா என்பதுதான். கிணற்றில் போடும் பிளீச்சிங் பவுடரின் அளவு தண்ணீரின் லிட்டரைப் பொறுத்தது. ஒவ்வொரு கிணற்றிலும் எத்தனை லிட்டர் தண்ணீர் நிற்கிறது என்ற கணக்கு மழைக்கு முன்பே கையில் இருந்தால், வெள்ளத்துக்குப் பிறகு சுகாதாரத் துறைக்கு அரை நாள் மிச்சம். பத்தாம் வகுப்பு அளவியல் பாடம் முடித்த எந்தப் பிள்ளையும் இதைச் செய்யலாம்.

மூன்று பேர் ஒரு குழு. ஒருவர் அளவு நாடா, ஒருவர் கயிறு, ஒருவர் நோட்டு. கைப்பிடிச் சுவரின் உள்விளிம்பிலிருந்து எதிர் உள்விளிம்பு வரை விட்டத்தை எடுக்க வேண்டும். சுவரின் தடிமனையும் சேர்த்து அளந்துவிடுவது வழக்கமான தவறு. ஆழத்துக்கு ஒரு முனையில் கல் கட்டிய கயிறு. கல் தரை தட்டியதும் கயிற்றை இறுக்கி மேலே எடுத்து, நனைந்த நீளத்தை மட்டும் அளக்க வேண்டும். அதுதான் தண்ணீரின் ஆழம். கயிற்றின் முழு நீளத்தை எழுதிவிட்டால் கணக்கு இரண்டு மூன்று மடங்கு போய்விடும். நைலான் கயிற்றில் நனைந்த இடம் சரியாகத் தெரியாது, பருத்திக் கயிறு அல்லது கயர் எடுங்கள்.

நம் ஊரில் அடிக்கணக்குத்தான் எல்லாருக்கும் பழக்கம், அதிலேயே செய்யலாம். 6 அடி விட்டம், 10 அடி தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆரம் 3. 3.14 × 3 × 3 × 10 = 282.6 கன அடி. ஒரு கன அடி 28.3 லிட்டர். ஏறக்குறைய 8,000 லிட்டர். விட்டத்தைப் பாதியாக்க மறந்து 6-ஐ ஆரமாகப் போட்டால் 32,000 லிட்டர் என்று வரும், மருந்து நான்கு மடங்கு விழும். அதனால் ஒவ்வொரு கணக்கையும் வேறொரு குழு மறுபடி போட்டுப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்று வையுங்கள். வகுப்பில் வாய் திறக்காத பிள்ளைக்கு இந்தச் சரிபார்க்கும் வேலையைக் கொடுங்கள். மற்றவர் கணக்கில் தவறு கண்டுபிடிக்கும் அதிகாரம் ஒரு பையனை எவ்வளவு கவனமானவனாக ஆக்கும் என்று நேரில் பாருங்கள்.

கைப்பிடிச் சுவர் இல்லாத கிணற்றை அளக்கவே கூடாது, பட்டியலில் 'சுவர் இல்லை' என்று மட்டும் எழுதுங்கள். அதுவே பஞ்சாயத்துக்கு ஒரு நல்ல தகவல். சுவர் மேல் ஏறுவதோ, வயிறு பதித்துக் குனிவதோ கூடாது.

நேரத்தைப் பொறுத்தவரை, ஞாயிற்றுக்கிழமை காலை திருப்பலி நேரம், வெள்ளி மதியம் தொழுகை நேரம், இரண்டையும் விட்டுவிடுங்கள். ஏலத்துக்கும் பால் வெட்டுக்கும் போகும் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் வசதி. அவரவர் தெருவிலேயே வேலை என்றால் பேருந்துப் பிரச்சினையும் இல்லை. ஒரு குழுவுக்குச் சனிக்கிழமைக்கு ஐந்து கிணறு போதும், பத்து என்று வைத்தால் கடைசி ஐந்தையும் உட்கார்ந்த இடத்தில் எழுதிவிடுவார்கள்.


கல்குளம் சுகாதாரம் எழுதியது:

மேலே சார் சொன்ன அளவெடுக்கும் வேலை மிகவும் சரி. மருந்து போடும் பகுதியில் சில விஷயங்களைச் சேர்க்கிறேன். பிள்ளைகள் அளக்கலாம், கணக்குப் போடலாம், பரிசோதனையைப் பார்க்கலாம். பிளீச்சிங் பவுடரைக் கரைப்பதும் ஊற்றுவதும் சுகாதார ஆய்வாளர் அல்லது பஞ்சாயத்துப் பணியாளர் வேலை.

தெளிந்த தண்ணீருக்கு 1,000 லிட்டருக்குக் குறைந்தது 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் தேவை. மேலே சொன்ன 8,000 லிட்டர் கிணற்றுக்கு 20 கிராம். வெள்ளம் உள்ளே புகுந்த கிணற்றுக்கு இந்தக் கணக்கு செல்லாது. சேறும் இலையும் குளோரினைத் தின்றுவிடும். முதலில் இறைத்துச் சுத்தம் செய்ய வேண்டும், பிறகு எவ்வளவு என்பதை ஆய்வாளர் பார்த்துச் சொல்வார். கரண்டிக் கணக்கு வேண்டாம், உங்கள் வேதியியல் ஆய்வகத்தில் தராசு இருக்குமே, அதில் நிறுத்துப் பொட்டலமாக மடித்து, மேலே கிணற்றின் எண்ணை எழுதி வையுங்கள்.

முறை இதுதான். ஒரு பிளாஸ்டிக் வாளியில் பவுடரைக் கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பசையாகக் குழைத்து, முக்கால் வாளி வரை தண்ணீர் சேர்த்துக் கலக்கி, ஐந்து முதல் பத்து நிமிடம் வைக்க வேண்டும். சுண்ணாம்பு அடியில் தங்கும். மேலே உள்ள தெளிவை மட்டும் இன்னொரு வாளிக்கு மாற்றி, அந்த வாளியைக் கயிற்றில் இறக்கி, நீர்மட்டத்துக்குக் கீழே மேலும் கீழும் பக்கவாட்டிலும் அசைத்துக் கலக்க வேண்டும். பவுடரை அப்படியே கிணற்றுக்குள் தட்டுவதுதான் ஊரில் நடக்கும் பெரிய தவறு. சுண்ணாம்பு அடியில் படியும், தண்ணீர் கடினமாகும், குளோரினும் ஒரே சீராகப் பரவாது. ஒரு வாளிக்கு 100 கிராமுக்கு மேல் கரைக்கக் கூடாது.

ஒரு மணி நேரம் யாரும் தண்ணீர் எடுக்கக் கூடாது. பிறகு குளோரோஸ்கோப்பில், அதாவது தண்ணீரில் மிஞ்சிய குளோரினை நிறத்தால் காட்டும் கருவியில், பார்க்க வேண்டும். லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும். ஆர்த்தோடாலிடின் என்ற சோதனை மருந்தைச் சேர்த்தால் தண்ணீர் மஞ்சளாகும், அந்த நிறத்தைப் பத்து விநாடிக்குள் நிற அட்டையோடு ஒப்பிட்டுவிட வேண்டும். பேசிக்கொண்டே கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் நிறம் கூடியிருக்கும், இல்லாத குளோரின் இருப்பதாகத் தோன்றும். ஆகவே ஒரு பிள்ளையைக் கடிகாரத்தோடு நிறுத்தி, 'இப்போது' என்று சொல்ல வையுங்கள். மற்ற எல்லா வேலையிலிருந்தும் ஒதுங்கி நிற்கும் பையனுக்குக்கூட இது பிடிக்கும், ஏனென்றால் அவன் சொல்லும் கணத்தில்தான் எல்லாரும் குனிந்து பார்ப்பார்கள். ஆர்த்தோடாலிடின் நச்சுத்தன்மை உள்ளது. துளிவிடுவதைப் பெரியவர் கையில் வைத்துக்கொள்ளுங்கள், சோதித்த தண்ணீரைக் கிணற்றடியில் ஊற்றாதீர்கள்.

மூட்டையைத் திறந்து ஈரக்காற்றில் வைத்த பவுடர் வீணாகப் போகும். கட்டி பிடித்திருந்தால், நெடி குறைந்திருந்தால் அதை நம்பிக் கணக்குப் போட வேண்டாம். மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில், வெயில் படாத இடத்தில் வையுங்கள். தகர டின் அரித்துவிடும்.

இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். தேங்கிய வெள்ளத்தில் பிள்ளைகளை இறக்கவே கூடாது. நம் மாவட்டத்தில் எலிக்காய்ச்சல் பயம் உண்மையானது. காலில் சின்ன வெடிப்பு இருந்தாலே அந்தக் கிருமி உள்ளே போகும். தண்ணீர் வடிந்த பிறகு வீடு கழுவ உதவுவதாக இருந்தாலும் ரப்பர் பூட்ஸ், கையுறை வேண்டும், காயம் உள்ளவர் வரக்கூடாது. அடுத்த இரண்டு மூன்று வாரங்களில் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு உடனே போக வேண்டும், வெள்ளத்தில் நின்ற விவரத்தையும் சொல்ல வேண்டும். தடுப்பு மாத்திரை மருத்துவர் சொன்னால் மட்டும்.


கிட்டங்கி எழுதியது:

நிவாரணப் பொட்டலம் கட்டும் வேலை பற்றி. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. அளவுக்கு மழை கொட்டி, தாமிரபரணிக் கரை முழுவதும் மூழ்கியபோது அண்டை மாவட்டங்களிலிருந்தும் பொருட்கள் போயின. அடுத்த முறை நாம் கொடுப்பவராகவும் இருக்கலாம், வாங்குபவராகவும் இருக்கலாம். பிள்ளைகளுக்கு இந்த வேலை நன்றாக வரும், ஆனால் ஒழுங்கு இல்லாவிட்டால் அரை மணி நேரத்தில் சந்தையாகிவிடும்.

ஒரே நீள வரிசையில் மேசைகளைப் போடுங்கள். 5 கிலோ அரிசி அடியில், அதன் மேல் 1 கிலோ பருப்பு, சீனி, உப்பு, தேயிலை. எண்ணெய்ப் பாக்கெட்டைத் தனிக் கவரில் முடிந்துதான் போட வேண்டும், இல்லாவிட்டால் லாரியில் ஒன்று உடைந்து இருபது பொட்டலம் வீணாகும். சோப்பு, கொசுவர்த்தி, பிளீச்சிங் பவுடர் எதையும் அரிசிப் பையில் சேர்க்காதீர்கள், வாடை ஏறிய அரிசியை யாரும் உண்ண மாட்டார்கள். அவற்றுக்கு இரண்டாவது பை. அதிலேயே நாப்கின், மெழுகுவர்த்தி, ஜிப் கவரில் தீப்பெட்டி, ஓ.ஆர்.எஸ். பொட்டலம். குழந்தைப் பால்பவுடரைப் பொதுப் பொட்டலத்தில் போட வேண்டாம், சுத்தமான தண்ணீர் இல்லாத இடத்தில் அது ஆபத்து. சமைத்த சோறு கட்டி அனுப்புவது பள்ளிக்கூடத்துக்கு உரிய வேலை அல்ல.

ஒரு பை 10 கிலோவைத் தாண்டக் கூடாது. படகிலிருந்து இறக்குபவரும் வயதானவரும் தூக்க வேண்டுமே. வரிசையின் கடைசியில் ஒரு தராசு. எல்லாப் பையும் நிறுக்க வேண்டும். ஒரு கிலோ பருப்பு விட்டுப்போயிருந்தால் முள் உடனே காட்டிக்கொடுக்கும். தீப்பெட்டி விட்டுப்போனால் காட்டாது, அதற்குப் பத்துக்கு ஒரு பையைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

தராசில் நிற்பவருக்கு 'நிறுத்து' சொல்லும் உரிமையைக் கொடுங்கள். அவர் சொன்னால் ஆசிரியர் உட்பட எல்லாரும் கையை எடுக்க வேண்டும், தவறு எந்த மேசையில் என்று பார்த்த பிறகே மறுபடி தொடங்க வேண்டும். டீச்சர் கேட்ட அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவரைத்தான் அங்கே நிறுத்த வேண்டும். ஆர்வமுள்ள பிள்ளையை நிறுத்தினால் வேகத்துக்காகத் தவறை விட்டுவிடும்.

பழைய துணி வாங்கவே வாங்காதீர்கள். 2004 சுனாமிக்குப் பிறகு கரையோர மாவட்டங்களில் பழந்துணி மூட்டைகள் சாலையோரம் கிடந்து மக்கின. வாங்குபவர் மனம் நோகும், பிரிக்கவும் ஆள் வேண்டும். புதிய கைலி, நைட்டி, துண்டு, உள்ளாடை மட்டும், அளவை வெளியே எழுதி. வாங்குபவர் முகத்தைப் படம் எடுக்கும் பழக்கத்தையும் பிள்ளைகளிடம் வளர்க்க வேண்டாம். பொட்டலங்களைப் படம் எடுங்கள், போதும்.


மேற்குக் கடற்கரை எழுதியது:

உங்கள் அலகில் பாதிப் பேர் கடற்கரைப் பிள்ளைகள் என்றீர்கள். அவர்களை ஏன் வகுப்பில் உட்கார வைத்துக் கடலைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க வேண்டும்? அவர்கள் சொல்லட்டும், மற்றவர்கள் எழுதட்டும். கள்ளக்கடல் என்றால் என்ன என்று தோவாளைப் பக்கத்துப் பிள்ளைக்குத் தெரியாது. வானம் தெளிவாக இருக்கும், காற்று இருக்காது, எங்கோ தெற்கே இந்தியப் பெருங்கடலில் எழுந்த அலை இங்கே வந்து கரையை ஏறும். 2024 மே 6 அன்று லெமூர் கடற்கரையில் வெளியூர் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் சிக்கி இறந்தது இப்படி ஒரு எச்சரிக்கை நாளில்தான். எச்சரிக்கை வெளியாவது ஒன்று, அது கரைக்கு வந்து சேர்வது வேறு. இரண்டுக்கும் நடுவே பிள்ளைகளுக்கு வேலை இருக்கிறது.

ஊர் நூலகம், ஆலய முற்றம், மீன் ஏலக்கூடம், பேருந்து நிறுத்தம் என்று நான்கு இடங்களில் ஒரு கரும்பலகை. தினமும் பள்ளிக்குப் போகும்போது ஒரு பிள்ளை இன்காய்ஸ் (கடல் எச்சரிக்கை தரும் மத்திய அரசு மையம்) அறிவிப்பையும் மீன்வளத் துறை அறிவிப்பையும் பார்த்து மூன்றே வரி எழுத வேண்டும். தேதி, அலை உயரம், எத்தனை மணி வரை. தேதி எழுத மறப்பதுதான் இதில் நடக்கும் தவறு. நேற்றைய எச்சரிக்கை இன்றும் பலகையில் இருந்தால் மூன்றாம் நாள் யாரும் அதைப் பார்க்க மாட்டார்கள். ஆகவே அறிவிப்பு இல்லாத நாளிலும் 'இன்று எச்சரிக்கை இல்லை' என்று எழுதியாக வேண்டும். பலகை எழுதும் பிள்ளை தண்ணீர் ஓரம் போகத் தேவையே இல்லை.

2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வந்தபோது தூத்தூர் பகுதியின் ஆழ்கடல் படகுகளுக்குச் செய்தி போய்ச் சேரவில்லை. பிறகு எந்தப் படகில் யார் போனார்கள் என்ற பட்டியலைத் தயாரிக்கவே நாட்கள் ஆயின. படகின் பதிவு எண், போனவர் பெயர், கரையில் உள்ள ஒருவரின் தொலைபேசி, புறப்பட்ட நாள், இவ்வளவும் ஒரு தாளில் வீட்டில் இருக்க வேண்டும். அந்தத் தாளை நிரப்பித் தன் வீட்டிலும் பக்கத்து நான்கு வீட்டிலும் ஒட்டவைப்பது ஒரு பிள்ளையின் வேலை. பட்டியலை வாட்ஸப்பில் போடக் கூடாது. மூலப் பிரதி ஊர்க் கமிட்டியிடம் அல்லது பங்குப்பேரவையிடம், பூட்டிய இடத்தில்.

ஒன்றை மிகவும் கேட்டுக்கொள்கிறேன். ஒக்கியிலோ சுனாமியிலோ ஆளை இழந்த வீட்டுப் பிள்ளைகள் உங்கள் அலகில் இருக்கலாம். அவர்கள் ஒதுங்கி நிற்பதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். மேடையில் ஏறிப் பேசச் சொல்லாதீர்கள். தனியாகக் கேட்டு, வேண்டாம் என்றால் மழைமானி மாதிரி வேறு வேலை கொடுங்கள்.


வள்ளியாற்றங்கரை எழுதியது:

எல்லாருக்கும் மிக்க நன்றி. கிணறும் கரும்பலகையும் இந்த மாதமே தொடங்குகிறேன். மழைமானி என்றீர்களே, அதைப் பிள்ளைகளே செய்ய முடியுமா? கிணறு அளக்க யாரிடம் அனுமதி வாங்குவது?


தோவாளை திட்ட அலுவலர் எழுதியது:

முடியும் டீச்சர். பக்கம் நேராக உள்ள இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டில், வரி வரியாக மடிப்பு உள்ளது வேண்டாம். கழுத்து குறுகத் தொடங்கும் இடத்தில் வெட்டி, அந்த மேல் பகுதியைத் தலைகீழாகப் புனல்போல் செருகுங்கள். அடியில் கூழாங்கல் போட்டு, பக்கம் நேராகும் இடம் வரை தண்ணீர் ஊற்றி, அதுதான் பூஜ்யம் என்று கோடு போடுங்கள். அதற்கு மேல் மில்லிமீட்டர் அளவுகோலை ஒட்டினால் போதும். வாயும் உடலும் ஒரே விட்டம் என்பதால் ஒரு மில்லிமீட்டர் உயர்வு ஒரு மில்லிமீட்டர் மழை. மூன்று செங்கல்லுக்கு நடுவே நிறுத்துங்கள், தரையில் தெறிக்கும் தண்ணீர் உள்ளே விழாத உயரத்தில். மொட்டை மாடி வேண்டாம், காற்று மழையைத் தள்ளிவிடும். தென்னைக்குக் கீழே வேண்டவே வேண்டாம், ஓலையில் வழியும் தண்ணீர் கணக்கைக் கெடுக்கும். நம் ஊரில் இதற்கு இடம் தேடுவதுதான் பாதி வேலை.

தினமும் காலை 8.30 மணிக்குப் பார்த்து எழுதி, பூஜ்யக் கோடு வரை திரும்பக் கொண்டுவர வேண்டும். 64.5 மில்லிமீட்டரைத் தொட்டால் கனமழை, 115.6 முதல் மிகக் கனமழை, 204.4-ஐத் தாண்டினால் அதி கனமழை. பாட்டில் நிறைந்துவிடும் போலிருந்தால் இடையில் ஒருமுறை அளந்து எழுதிவிட்டுக் கொட்டி, காலையில் கூட்டிக்கொள்ளலாம். பக்கத்திலேயே பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளின் நீர்மட்டத்தையும் நாளிதழில் பார்த்து எழுதச் சொல்லுங்கள். பேச்சிப்பாறையின் முழு அளவு 48 அடி, பெருஞ்சாணியின் முழு அளவு 77 அடி. மேலே மலையில் பெய்த மழை எத்தனை நாள் கழித்துக் குழித்துறை ஆற்றில் தெரிகிறது என்று பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். கூட்டத்தில் கலக்கப் பிடிக்காத பிள்ளைக்கு இது நல்ல வேலை. வீட்டு முற்றத்திலேயே, தனியாக, ஆனால் அவர் ஒரு நாள் எழுதாவிட்டால் அட்டவணையில் ஓட்டை விழும். என்.எஸ்.எஸ். ஆண்டுக்கு 120 மணி நேரக் கணக்கில் இதைத் தனி வரியாகக் காட்டலாம்.

அனுமதிக்கு, தலைமையாசிரியர் கையெழுத்தோடு பஞ்சாயத்துக்கு ஒரு கடிதம், ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலருக்கு ஒரு பிரதி. பெற்றோர் சம்மதத் தாளில் வேலையின் பெயர், இடம், முடியும் நேரம் மூன்றும் இருக்கட்டும், 'சேவைப் பணி' என்று மொட்டையாக எழுதினால் கையெழுத்து வராது. வீட்டுக் கிணற்றுக்கு வீட்டுக்காரர் வாய்ச்சொல் போதும், ஆனால் முதல் நாள் மாலையே பிள்ளை போய்ச் சொல்லிவிட்டு வர வேண்டும். புயல் எச்சரிக்கை வந்த நாளில் எல்லா வெளி வேலையும் ரத்து. அறுந்த கம்பி, சாய்ந்த மரம் கண்ணில் பட்டால் கிட்டே போகாமல் 1077-க்கு (மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை) சொல்ல வேண்டும் என்பதை அந்தச் சம்மதத் தாளின் பின்பக்கத்திலேயே அச்சடித்துவிடுங்கள், வீட்டிலும் ஒரு பிரதி இருக்கும்.